ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன் என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டான், திருச்சியில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாள் இன்னமும் படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், சேர்ந்தாற்போல் ஒரு மாதம்கூட நின்றதில்லை. பகலில் எந்தத் தொந்தரவும் இல்லை. தாயத்து கட்டினோம், மந்திரித்தோம், சூடு போடுவேன் என்று மாமியார் மிரட்டியும் பார்த்தார். விடிவதற்குள் அவனே பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கழுவிப் போட்டுவிடுகிறான். இப்போது ஹாஸ்டல் வேண்டாம், கும்பகோணத்திலேயே ஏதாவது படிக்கிறேன் என்கிறான். ‘எழுந்து போகச் சோம்பேறித்தனம்’ என்று அவன் அப்பா திட்டுகிறார். என்ன செய்வது?
- பாபநாசம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா

பதில்: ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து பாய் கழுவுகிற பையனைச் சோம்பேறி என்று எப்படியம்மா சொல்ல முடியும்? முதலில் இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நடு நனைந்து நனைந்து கறுத்து இற்றுப்போன அந்தக் கோரைப்பாயை, யார் கண்ணிலும் படாமல் அவன் எத்தனை வருஷமாக வேலிமேல் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று யோசித்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

இது பழக்கக் கோளாறு இல்லை. ராத்திரியில் சிறுநீர் குறைவாகச் சுரக்க நம் உடம்பில் வாசோப்ரெசின் என்று ஒரு ஹார்மோன் வேலை செய்கிறது. சிலருக்கு அது ராத்திரியில் போதிய அளவு கூடுவதில்லை, அதனால் பகலில் சுரக்கிற மாதிரியே ராத்திரியிலும் சுரக்கிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பை முழுக்க நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடும். எதுவானாலும், ‘நிறைந்துவிட்டது, எழுந்திரு’ என்று உடம்பு சொல்வது தூங்குகிற மூளைக்கு எட்டுவதில்லை. தெரிந்து செய்தால்தானே சோம்பேறித்தனம், அவனுக்குத்தான் தெரியவே இல்லையே.

5 வயதில் நூற்றில் சுமார் 15 பிள்ளைகளுக்கு இது உண்டு. 10 வயதில் அது ஐந்தாகக் குறையும். பெரியவர்களில்கூட நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. அப்படியென்றால் இருநூறு பையன்கள் தங்குகிற ஹாஸ்டலில் உங்கள் மகனைப் போல இன்னொருவன் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, இது பரம்பரையாக வருவது. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் எழுபதுக்கு மேல். மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப்பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். நான் நர்ஸாக இருந்தபோது ஓ.பி. வராந்தாவில் ஓர் அப்பா, தலைகுனிந்து கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்த மகனிடம், ‘எனக்கும் பதினாலு வயசு வரைக்கும் இருந்துச்சுடா’ என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பையன் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். உள்ளே போனதும் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மூன்று நாளைக்கு ஒரு தாளில், என்ன எப்போது குடித்தான், எத்தனை தடவை போனான், எவ்வளவு போனான் (ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும்), எந்த ராத்திரி நனைந்தது என்று அவனையே குறிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து நம் பிள்ளைகள் பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். அதை மாற்ற வேண்டும். பகலில் நிறையக் குடிக்கட்டும், சாயங்காலத்துக்கு மேல் குறைக்கட்டும், ஆறு மணிக்குப் பிறகு காபி டீ வேண்டாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள், யாரும் இதைக் கேட்பதே இல்லை. குடல் நிறைந்திருந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும், அதைச் சரிசெய்தாலே சிலருக்குப் பாதி குறைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போவதால் பாய் தப்பிக்கும், கோளாறு தீராது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 17 வயதில் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது. முதலில் சிறுநீர், சர்க்கரை, தேவைப்பட்டால் ஸ்கேன் பார்ப்பார்கள். டெஸ்மோப்ரெசின் என்ற மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள், நான் சொன்ன ஹார்மோனின் வேலையைச் செய்வது. வெளியில் தங்குகிறவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் டாக்டர் எழுதாமல் வாங்கவே கூடாது. மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, போட்ட பிறகு எட்டு மணி நேரம் வரை, தண்ணீர் ஒன்றிரண்டு மடக்குக்கு மேல் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புவரை போகலாம். காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கிற நாளில் போடக் கூடாது.

ஈரம் பட்டதும் ஒலிக்கிற அலாரமும் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தினால், பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பலன் கிடைக்கிறது. முதல் சில வாரம் அவன் அந்தச் சத்தத்துக்கும் எழமாட்டான், நீங்கள்தான் எழுந்து உலுக்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் இது நடக்காது, அதனால் லீவிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற வீடுகளுக்கு ஒரு வார்த்தை: ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து திடீரென்று திரும்ப ஆரம்பித்தாலோ, அடங்காத தாகம், உடம்பு இளைப்பது, எரிச்சல், பகலிலும் கசிவது, கால் மரத்துப்போவது, பலத்த குறட்டை இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஹாஸ்டலுக்கு அவன் போகட்டும். மெத்தைமேல் விரிக்கும் மெல்லிய ரப்பர் ஷீட் மருந்துக்கடையில் கிடைக்கும், அதன்மேல் சாதாரணப் போர்வை போட்டால் யாருக்கும் தெரியாது. வார்டன் ஒருவரிடம் மட்டும் அவன் அப்பா நேரில் பேசி, கழிப்பறைக்குப் பக்கத்து அறையாகக் கேட்கலாம். அப்புறம், தஞ்சாவூருக்கு அவனை நீங்கள் கூட்டிப்போக வேண்டாம், உங்கள் வீட்டுக்காரரையே போகச் சொல்லுங்கள்.