வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் நான் ஏன் பிரிக்க வேண்டும்?

கேள்வி: மீன் கழிவு, பால் கவர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்தாலும் குப்பை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். அப்புறம் எதற்கு இந்த வேலை?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். மக்கும் குப்பை, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு (பழைய பேட்டரி, பூச்சிமருந்து டப்பா மாதிரி) என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்ன 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரித்ததைக் கலக்காமல் எடுத்துப் போகும் பொறுப்பை உள்ளாட்சியிடம்தான் கொடுத்தன, அதனால் தயங்காமல் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். அதுவரை காய்ந்த குப்பையை வண்டியில் போடவே போடாதீர்கள். ஒரு சாக்கில் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள், காசும் வரும். ஆனால் மீன் தண்ணீர் பட்ட அட்டையைக் கடைக்காரர் கையால்கூடத் தொட மாட்டார், சுத்தமாக இருந்தால்தான் விலை. பால் கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல் ஓரத்தில் ஒட்டியபடி விட்டு, கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், அந்தக் குட்டித் துண்டைப் பிறகு யாராலும் பொறுக்க முடியாது. சிப்ஸ் பாக்கெட்டை அநேகமாக யாரும் வாங்க மாட்டார்கள், உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடப்பதைப் பிரிப்பது பெரும்பாடு.

மீன் செதில், குடல் எல்லாம் தென்னை மரத்தடியில் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், மேலாகப் போட்டால் நாய் தோண்டிவிடும்.

வீட்டில் கிழிந்த நைலான் வலை இருந்தால் கடற்கரையில் போடவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். அலை இழுத்துப் போனால் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறையில் சிக்கும், ஆமையும் மாட்டும். அந்த நைலானை உருக்கி மறுபடி நூலாக்கலாம் என்பதால் வலையையும் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள்.