வெள்ளி இரவு விமானம் என்று சொல்லாதீர்கள், அம்மா

பயணக் கேள்வி – பதில் (2022 பிப்ரவரிப் பயணத்துக்கு முன் எழுதியது. இதிலுள்ள கொரோனா விதிகள் அன்றைக்கு உரியவை; அமெரிக்கா தன் பரிசோதனை விதியை 2022 ஜூனிலும் தடுப்பூசி விதியை 2023 மே மாதத்திலும் நீக்கிவிட்டது.)

கேள்வி: எனக்கு வயது 63. பிப்ரவரி 11, வெள்ளி இரவு விமானத்தில் அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போகிறேன். டிக்கெட்டில் 12-ஆம் தேதி அதிகாலை 2.20 என்று இருக்கிறது. நடுவில் ஒன்பது மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் மாற வேண்டும். இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டாயிற்று. கொரோனா பரிசோதனையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர்; 24 மணி நேரம் என்கிறார் இன்னொருவர். டிசம்பர் 30-ஆம் தேதி கொடுத்த சாம்பிளில் எனக்குத் தொற்று உறுதியாகி, வீட்டிலேயே இருந்து குணமாகிவிட்டேன். மறுபடியும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்? மகளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. இரவில் தூக்கமே வருவதில்லை.
– ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். விமான நிலைய செக்-இன் கவுண்டரில் 24 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் என்பதால் என் கண் முதலில் போனது ‘வெள்ளி இரவு’ என்ற இரண்டு சொற்களுக்குத்தான். உங்கள் விமானம் சனிக்கிழமை விமானம். வெள்ளியன்று பெட்டியோடு கிளம்புகிறோம், அதனால் வெள்ளிக்கிழமைப் பயணம் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை நம்பி, ‘ஒரு நாள் முன்னால்’ என்று வியாழன் மாலை பரிசோதனைக்குப் போனவர்கள் கவுண்டரில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குச் சொன்ன இருவரும் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. 2021 ஜனவரி 26 முதல் அமெரிக்கா கேட்டது, புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எடுத்த பரிசோதனை. ஒமைக்ரான் என்ற புதிய வகைக் கொரோனா வந்ததும் அதே ஆண்டு டிசம்பர் 6 முதல் அதை ஒரே நாளாகக் குறைத்துவிட்டார்கள். 72 மணி நேரம் கேட்கும் நாடுகள் இன்னும் பல இருக்கின்றன. அது உங்களுக்கு வேண்டாம். அமெரிக்க விதி 24 மணி நேரமும் அல்ல, ‘ஒரு நாள்’. அதாவது காலண்டரில் முந்தைய தேதி. சனி அதிகாலை 2.20 விமானத்துக்கு வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில் சாம்பிள் கொடுத்தாலும் செல்லும். வெள்ளி காலையில் ஆய்வகம் திறந்ததும் போய்விடுங்கள். வியாழன் இரவு பதினொன்றரைக்குக் கொடுத்தது செல்லாது.

‘சாம்பிள் கொடுத்த’ என்று சொன்னேன், கவனியுங்கள். ஆய்வக அறிக்கையின் மேல் மூலையில் பெரும்பாலும் சின்ன எழுத்தில் மூன்று வரிகள் இருக்கும்: சாம்பிள் எடுத்த நேரம், அது ஆய்வகத்துக்கு வந்த நேரம், முடிவு வெளியான நேரம். கணக்கு முதல் வரியிலிருந்துதான். 2021-இல் ஒரு நாள், 72 மணி நேரம் கேட்கும் நாட்டுக்குப் போக ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். முடிவு வெளியாகி 70 மணி நேரம்தான் ஆகியிருந்தது. சாம்பிள் எடுத்து 77 மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே மருத்துவமனையில் கிடந்த அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டவர். விரலை அந்த முதல் வரியின் மேல் வைத்து அவருக்குக் காட்டியபோது என் விரல் நடுங்கியது. போர்டிங் பாஸ் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. விதிக்குப் பொருந்தாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வரியை அவருக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். குணமான பிறகும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். செத்துப்போன வைரஸின் மரபணுத் துணுக்குகளையும் அந்தப் பரிசோதனை பிடித்துவிடுகிறது. உங்களால் பிறருக்குத் தொற்றும் என்பது அதற்குப் பொருள் அல்ல. இதற்கு அமெரிக்க விதியிலேயே வழி இருக்கிறது. புறப்படும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் எடுத்த சாம்பிளின் பாசிட்டிவ் அறிக்கையும், நீங்கள் குணமாகிவிட்டீர்கள், பயணம் செய்யலாம் என்று மருத்துவர் எழுதிய கடிதமும் இருந்தால் புதிய பரிசோதனையே தேவையில்லை. டிசம்பர் 30-இலிருந்து உங்கள் பயண நாள் வரை 44 நாட்கள்தான். டிசம்பர் அறிக்கையைத் தேடி எடுத்து இன்றே இரண்டு பிரதி அச்சிடுங்கள். கடிதம் மருத்துவரின் லெட்டர்ஹெட்டில், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து, தேதியோடு இருக்க வேண்டும். வெறும் மருந்துச் சீட்டில் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். பொறுமையாக மறுபடி கேளுங்கள்.

கடிதம் கிடைக்கவே இல்லை என்றால், வெள்ளியன்று ஆர்.டி.பி.சி.ஆருக்குப் போகாமல், வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா இரண்டையும் ஏற்கிறது. பழைய தொற்றின் மிச்சத்தை ஆன்டிஜென் அவ்வளவாகக் காட்டுவதில்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை வேறு, அது செல்லாது. அறிக்கையில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். பிறந்த தேதியோ பாஸ்போர்ட் எண்ணோ உடன் இருக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதற்குள் படித்துப் பாருங்கள், கண்ணாடியை எடுத்துப் போங்கள்.

விமானம் மாறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்: இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண்ணில் இருக்கின்றனவா? ஒரே பதிவாக இருந்து, நடுவில் காத்திருப்பது 24 மணி நேரத்தைத் தாண்டாவிட்டால், முதல் விமானத்திலிருந்தே நாள் கணக்கிடப்படும். உங்கள் ஒன்பது மணி நேரத்தால் தொல்லை இல்லை. விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் கதையே வேறு. கணக்கு இரண்டாவது விமானத்துக்குத் தாவிவிடும். பெட்டியை எடுக்க நடுவழி நாட்டுக்குள் நுழைய நேர்ந்தால் அந்த நாட்டின் பரிசோதனை விதியும் உங்கள் தலையில் விழும். இன்றே மகளைக் கூப்பிட்டு இதைக் கேளுங்கள்.

தடுப்பூசிச் சான்றிதழ், நீங்கள் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவம் இரண்டையும் அறிக்கை, கடிதத்தோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள். புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் விதியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும் விதியை இப்போது மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். நீங்கள் திரும்புவதற்குள் அது மாறியிருக்கும்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 20 மாதம். அவளும் எங்களோடு அமெரிக்கா வருகிறாள். அவள் மூக்கிலும் குச்சி விட வேண்டுமா? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.
– ஓர் இளம் தாய்

பதில்: வேண்டாம் மகளே. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அமெரிக்கா பரிசோதனை கேட்பதில்லை. இந்த வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், வழியில் வேறு நாட்டில் இறங்கித் தங்கினால் அதையும் விசாரியுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; கவுண்டரில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் பரிசோதனை உண்டு.