விமான நிலையத்திலிருந்து மயிலாப்பூருக்கு 28 கிலோமீட்டரா?

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னை வந்திருந்தேன். இரவு 11 மணிக்கு மேல் விமானம் இறங்கியது. வாசலில் ஒருவர் "டாக்சி வேணுமா சார், கிலோமீட்டருக்கு 40 ரூபாதான்" என்று கேட்டு வண்டியில் ஏற்றினார். மயிலாப்பூர் விடுதியில் இறங்கும்போது 28 கிலோமீட்டர் என்று 1,120 ரூபாய், டோல் 80, நைட் சார்ஜ் 200, மொத்தம் 1,400 வாங்கினார். இரண்டு நாள் கழித்து ஆப்பில் வண்டி பிடித்து வடபழநி முருகன் கோயிலுக்குப் போனோம். முதலில் 260 ரூபாய் காட்டியது, இறங்கும்போது 318 ஆகிவிட்டது. அதற்கடுத்த நாள் காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் பார்க்க டிராவல்ஸ் கார் எடுத்தோம். ஓடியது 195 கிலோமீட்டர், பில்லில் 250 போட்டிருந்தார்கள். மூன்று தடவையும் ஏமாந்துவிட்டோம் என்கிறார் அப்பா. உண்மையா? அடுத்த வருடம் மதுரை, ராமேஸ்வரம் போக நினைக்கிறோம், அப்போது என்ன செய்யவேண்டும்?

பதில்: ஒரு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறீர்கள். இரண்டாவதில் ஏமாற்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது இந்தத் தொழிலின் வழக்கம். அதை முன்கூட்டியே உங்களிடம் விளக்கிச் சொல்லாதது அவர்கள் தவறு. மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

வண்டி எந்த வழியில் போனது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கவேண்டும்: கூடுதலாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓட்டுநர் கைக்குக் காசு வருகிறதா? வருகிறதென்றால் சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. தொகை முன்பே முடிவாகிவிட்டால் சுற்றினால் அவருக்குத்தான் நஷ்டம், டீசல் அவருடையது.

விமான நிலையத்திலிருந்து மயிலாப்பூர் 14, 15 கிலோமீட்டர். வெளியே வந்ததும் ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டிப் பக்கம் திரும்பி, கத்திப்பாரா மேம்பாலம் கடந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேலிருக்கும் மறைமலை அடிகள் பாலம் ஏறி இறங்கி, நந்தனம் சிக்னலில் வலப்பக்கம் திரும்பினால் சேமியர்ஸ் ரோடு. அதன் வழியே மயிலாப்பூர் வந்துவிடலாம். கிண்டியிலிருந்து ராஜ்பவன், கோட்டூர்புரம் வழியாகவும் சிலர் வருவார்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

28 கிலோமீட்டர் வரவேண்டுமானால் என் கணிப்பில் ஒரு வழிதான் உண்டு. எதிர்த்திசையில் பல்லாவரம் போய், துரைப்பாக்கம் 200 அடி சாலையில் திரும்பி, பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரைப் பிடித்து, மத்திய கைலாஷ் வந்து, அடையாறு தாண்டி மயிலாப்பூர். ஏறக்குறைய அதே 28 வரும். பகலில், கிண்டி அடைத்துக்கொண்டு நிற்கும் வேளையில், இந்த வழிக்கு ஏதாவது சாக்குச் சொல்லலாம். இரவு 11 மணிக்கு மேல் அந்தச் சாக்கும் கிடையாது.

எனக்கு அதைவிடக் கோபம் வந்தது அந்த 80 ரூபாய் டோலில்தான். ஓ.எம்.ஆரிலும் அதைச் சுற்றியும் இருந்த நான்கு சுங்கச்சாவடிகளில் வசூலை 2021 ஆகஸ்ட் கடைசியில் தமிழக அரசு நிறுத்திவிட்டது, மெட்ரோ பணிக்காக. மிச்சமிருந்த நாவலூர் சாவடியும் 2023 அக்டோபரில் நின்றுபோனது. நேர் வழியான கிண்டிப் பாதையிலும் சுங்கச்சாவடி கிடையாது. ஆக, எந்த வழியில் வந்திருந்தாலும் உங்கள் வண்டி டோல் கட்டியிருக்க முடியாது. நேராக வந்திருந்தால், அவர் சொன்ன அதே 40 ரூபாய்க் கணக்கில் 15 கிலோமீட்டருக்கு 600, நைட் சார்ஜ் 200, மொத்தம் 800. சுற்றியதற்கு 520, இல்லாத டோலுக்கு 80 என்று 600 ரூபாய் அதிகம் போயிருக்கிறது.

இது சென்னைக்கு மட்டும் உரிய நோய் இல்லை. கிரேக்க நாட்டு ஏதென்ஸில் 2010இல் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் பயணிகளை அனுப்பி 348 டாக்சிப் பயணங்களைப் பதிவு செய்தார்கள். ஊர் தெரிந்தவர்போல் பேசியவரை விட, "எனக்கு இந்த ஊர் தெரியாது" என்று சொன்ன வெளியூர்க் கிரேக்கரைக் கூடுதல் தூரம் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஆங்கிலம் பேசிய வெளிநாட்டவருக்குச் சுற்றோடு சேர்த்து இல்லாத கட்டணங்களும் பில்லில் ஏறின. உங்கள் 80 ரூபாய் டோல் அந்த ரகம். மலேசியத் தமிழும் கையிலிருக்கும் பெட்டிகளும் நீங்கள் வாய் திறக்கும் முன்பே ஊருக்குப் புதிது என்று சொல்லிவிடுகின்றன. அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். வழி தெரிந்தவர் என்று காட்டிக்கொள்வதுதான் முக்கியம்.

அதற்கு ஊரே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏறி உட்கார்ந்ததும், "அண்ணா, கிண்டி, சைதாப்பேட்டை வழியா போயிடுங்க" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். சண்டைக் குரல் வேண்டாம். போனில் வரைபடத்தைத் திறந்து வழிகாட்டும் குரலைச் சத்தமாக வையுங்கள். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் ஓர் அடையாளம் உண்டு: விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் மெட்ரோ ரயில் பாலம் கூடவே வரும். பல்லாவரம், தாம்பரம் பக்கம் இப்போதைக்கு மெட்ரோ பாலம் கிடையாது. வெளியே வந்து ஐந்து நிமிடத்தில் பாலம் கண்ணில் படவில்லை என்றால் "எந்தப் பக்கம் போறோம்?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் இந்தச் சிக்கல் வண்டிக்குள் ஆரம்பிக்கவில்லை, வாசலில் ஆரம்பித்தது. உங்களைத் தேடி வந்து கூப்பிட்டவருடன் போனீர்கள். சீட்டு இல்லை, பெயர் இல்லை. மஞ்சள் போர்டு வண்டியா, வெள்ளை போர்டா என்று பார்த்தீர்களா? வெள்ளை நம்பர் பிளேட் சொந்த உபயோகக் கார், வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாதது. வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. மின்சார வாடகைக் காராக இருந்தால் பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து. அடுத்த முறை பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே, உள்ளே இருக்கும் ப்ரீபெய்டு கவுண்டரில் இடத்தைச் சொல்லிப் பணம் கட்டிச் சீட்டு வாங்குங்கள். வழியில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அல்லது ஆப்பில் பதிவு செய்யுங்கள். சென்னையில் அந்த வண்டிகள் பலமாடி வாகன நிறுத்தத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும். வயதானவர்களை அழைத்து வருவதால் விடுதிக்காரர்களையே கார் அனுப்பச் சொல்வதும் நல்லது. கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தொகை முன்பே தெரிந்துவிடும்.

வடபழநிப் பயணத்தில் ஓட்டுநரை நான் குறை சொல்லமாட்டேன். மயிலாப்பூரைச் சுற்றி மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலைகளை அடைத்தும் ஒருவழியாக்கியும் வைத்திருக்கிறார்கள். லஸ்ஸிலிருந்து நேராகப் போன தெரு இன்று சுற்றிக்கொண்டு போகிறது, உள்ளூர்க்காரர்களே தினம் ஒரு வழியாகப் போகிறோம். ஆப் முதலில் காட்டும் தொகை அது கணக்கிட்ட வழிக்கானது. வழி கணிசமாக மாறினாலோ, நடுவில் நிறுத்தச் சொன்னாலோ, ஏற்றும் இடத்தில் காத்திருக்க வைத்தாலோ தொகை மாறும். நீங்கள் பூ வாங்க எங்கேயும் நிறுத்தினீர்களா? அதுவும் கணக்கில் வந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் ஆப்பில் அந்தப் பயணத்தைத் திறந்து, வண்டி போன கோட்டைப் பாருங்கள். கோடு தேவையில்லாமல் சுற்றியிருந்தால் அங்கேயே கட்டணம் பற்றிப் புகார் எழுதலாம். பதிவு அவர்களிடமே இருப்பதால் வாதாட வேண்டியிருக்காது.

ஆப் என்றால் ஏமாற்றே நடக்காது என்றும் நினைக்கவேண்டாம். நியூயார்க்கில் மீட்டர் டாக்சியையும் ஊபரையும் ஒரே இடம், ஒரே நேரம் என்று பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வில், மீட்டர் ஓடும் விமான நிலையப் பாதைகளில் டாக்சிகள் சராசரியாக 8 சதவீதம் கூடுதல் தூரம் போனதும், ஊருக்குப் புதியவர்களை அதைவிடவும் அதிகம் சுற்றியதும் தெரிந்தது. அதே ஆய்வு, கிராக்கிக் கட்டணம் ஏறியிருக்கும் நேரத்தில் ஊபர் ஓட்டுநர்களும் விமான நிலையப் பாதையில் சுற்றுவது கூடுகிறது என்றும் சொன்னது. காசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங் திரும்புகிறது.

இங்கே நடக்கும் ஒரு தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி வந்ததும், "சார், ஆப்பைக் கேன்சல் பண்ணிடுங்க, அதே காசுக்கு நானே கொண்டுபோய் விடுறேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ரத்து செய்த நிமிடமே பயணத்தின் பதிவு போய்விடுகிறது. வண்டியில் ஏதாவது விட்டுவிட்டால்கூடத் தேட வழியில்லை. ஆட்டோவில் இன்னொரு விஷயம்: 2025 பிப்ரவரியிலிருந்து ஊபர், ஆட்டோ ஓட்டுநரிடம் ஒவ்வொரு சவாரிக்கும் கமிஷன் எடுப்பதில்லை. காசு நேராக ஓட்டுநர் கைக்கே போகிறது. ஓட்டுநர்களுக்கு அது நல்லதுதான், ஆனால் கட்டணத் தகராறில் அந்த ஆப் உங்களுக்குப் பணம் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். ஆட்டோ மீட்டருக்கு அரசு 2013இல் வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12. அந்தக் காசுக்கு இன்று யாரும் ஓட்டுவதில்லை. இத்தனை வருடமாக அதை மாற்றாமல் வைத்திருந்தால் ஓட்டுநரால் எப்படிக் கட்டுப்படியாகும்? மீட்டர் செத்துப்போனதற்கு ஓட்டுநரை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை.

இனி அந்த 250. டிராவல்ஸ் தொழிலில் வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். நீங்கள் 100 ஓடினாலும் 250க்குப் பணம். வண்டியும் ஓட்டுநரும் நாள் முழுக்க உங்களுக்காகவே நிற்கிறார்கள் என்பது அதன் காரணம். மயிலாப்பூரிலிருந்து காஞ்சிபுரம் 75, அங்கிருந்து மாமல்லபுரம் 65, திரும்ப வர 55 என்றால் 195 சரியாக இருக்கிறது. ஷெட்டிலிருந்து வண்டி புறப்பட்டுத் திரும்ப ஷெட்டுக்குப் போகும்வரை கணக்கிடுவதும் வழக்கம், அதைச் சேர்த்தாலும் 250க்குள்தான் வந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் பில் 250தான். டிரைவர் பேட்டாவும் (ஓட்டுநரின் படிக்காசு) பார்க்கிங்கும் தனி. டோலும் தனி, இந்தத் தடத்தில் அது உண்மையானது: ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒன்று, திரும்பி வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது டிரிப் ஷீட், அதாவது தொடக்க, முடிவு கிலோமீட்டரை ஓட்டுநர் எழுதும் தாள். நான் டிராவல்ஸ் நடத்திய காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, ஏறும்போதும் இறங்கும்போதும் டேஷ்போர்டில் ஓடிய கிலோமீட்டர் எண்ணைக் கோயில் அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருந்தார். நான்கு நாள் பயணம். என் ஓட்டுநர் கொண்டுவந்த டிரிப் ஷீட்டில் 1,290, அம்மாவின் சீட்டில் 1,190. ஷெட் தூரம் 30 போக மீதி 70க்குக் கணக்கே இல்லை. தொடக்க எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்தியிருந்தது உற்றுப் பார்த்தால் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் வண்டிகளில் தொடக்க எண்ணுக்குப் பக்கத்தில் பயணியின் கையெழுத்து இல்லாமல் ஷீட்டை ஏற்கமாட்டேன். இப்போது உங்கள் கையில் போன் இருக்கிறது. ஏறியதும் ஒரு படம், இறங்கும்போது ஒரு படம்.

அந்த 600 ரூபாயைத் திரும்பப் பெற வண்டி எண் வேண்டும். விடுதி வாசல் கேமராவில் பதிந்திருக்கக்கூடும், இன்றே கேளுங்கள். பழைய பதிவுகள் அழிந்துவிடும். எண் கிடைத்தால் அதன் முதல் இரண்டு எழுத்தும் அடுத்த இரண்டு இலக்கமும் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் காட்டும். அங்கே தேதி, நேரம், ஏறிய இடம், கொடுத்த தொகை, இல்லாத டோல் எல்லாவற்றையும் எழுதிப் புகார் அனுப்பலாம். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதையும் இணையுங்கள். டிராவல்ஸ், ஆப் போன்ற நிறுவனங்கள் மேல் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இணையத்திலும் பதியலாம். பணம் திரும்பி வருமா என்று உறுதி சொல்லமாட்டேன். பயணம் நடக்கும்போதே வண்டி போகும் வழி பயமாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், 112க்கு அழையுங்கள்.

ராமேஸ்வரத்துக்குச் சென்னையிலிருந்தே கார் எடுக்காதீர்கள். மதுரை 460, அங்கிருந்து ராமேஸ்வரம் 170, திரும்பச் சென்னை 560 என்று 1,190 கிலோமீட்டர் வந்துவிடும், பெற்றோருக்கும் உடம்பு தாங்காது. மதுரை வரை ரயிலில் போய், அங்கே கார் பிடியுங்கள். காலையில் கிளம்பி இரவு திரும்பினால் 340 கிலோமீட்டர், 250ஐத் தாண்டிவிடுவதால் ஓடிய தூரத்துக்குத்தான் பில். ராமேஸ்வரத்தில் ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் ஆகிறது, குறைந்தபட்சமே 500 ஆகிவிடும். அதற்குப் பதில் போகும்போது டிராப் மட்டும் பேசி, திரும்ப ரயிலோ பேருந்தோ பார்ப்பது மலிவு. பேசும்போது கேட்கவேண்டியவை: கிலோமீட்டருக்கு எவ்வளவு, எங்கிருந்து கணக்கு ஆரம்பம், பேட்டா எவ்வளவு, இரவு தங்கினால் பேட்டா மாறுமா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் அனுப்புங்கள்.