சட்ட ஆலோசனை: ஜப்திக்கு முன் அவகாசம் கேட்க எந்த நீதிமன்றம் போவது?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, விசைத்தறி போடுவதற்காக என் பெயரில் உள்ள வீட்டை அடமானம் வைத்து 2019-இல் என் கணவர் ஒரு வங்கியில் 18 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தறி ஓடவில்லை. ஏழு தவணை நின்றுவிட்டது. பிப்ரவரியில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் வைத்துவிட்டோம். ஜூன் 9 அன்று சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டினார்கள். இப்போது நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஒருவர் வந்து, ஜூலை 28-க்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். பாக்கி 14 லட்சத்து 60 ஆயிரம். தம்பி 3 லட்சம் தருவதாகச் சொல்கிறான். ஊரில் உள்ள 11 சென்ட் இடத்துக்கு 12 லட்சத்துக்குக் கிரய ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். பத்திரம் முடிய மூன்று மாதம் ஆகும். ஒருவர் உள்ளூர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடச் சொல்கிறார், இன்னொருவர் ஹைகோர்ட் என்கிறார். அவகாசம் கிடைக்குமா?
(வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: சகோதரி, வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து மனு போடச் சட்டம் தரும் 45 நாளை ஜூன் 9-இலிருந்து எண்ணினால் ஜூலை 24 வருகிறது. இதழ் அச்சாகித் தங்கள் கைக்கு வருவதற்குள் அந்த நாள் கடந்துவிடும் என்பதால், பதிலின் சாரத்தைத் தனிக் கடிதமாகத் தங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். இதே நிலையில் தவிக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தங்கள் மீது எடுக்கப்பட்டிருப்பது 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படியான நடவடிக்கை. இந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வங்கி அடமானச் சொத்தைக் கைப்பற்றலாம். 34-ஆவது பிரிவு சிவில் நீதிமன்றத்தின் கதவை ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிட்டது. எனவே உள்ளூரில் வழக்குப் போட்டால் பணமும் நாளும்தான் போகும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டாலும், வேறு தீர்வு சட்டத்திலேயே இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். உச்ச நீதிமன்றம் 2010-இல் சத்யவதி டாண்டன் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. வழக்கறிஞர் ஆணையரை நியமித்த தலைமை நீதித்துறை நடுவரிடம் போகலாமே என்று தோன்றும். 14-ஆவது பிரிவின்படி, வங்கியின் பிரமாணப் பத்திரம் முறையாக இருக்கிறதா என்று பார்த்து, சுவாதீனம் எடுக்க உதவுவதுதான் அவர் வேலை. கடன் தகராறை அவர் விசாரிப்பதில்லை.

தாங்கள் போக வேண்டிய இடம் கோயம்புத்தூரில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம். அங்கே 17-ஆவது பிரிவின் கீழ், வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போட வேண்டும். வழக்கறிஞர்கள் இதை எஸ்.ஏ. என்பார்கள். அதனுடன் இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனுவும் சேர்க்க வேண்டும், எஸ்.ஏ. போட்டுவிட்டாலே ஜப்தி நின்றுவிடும் என்று நம்பி ஏமாந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பாக்கியில் ஒரு பங்கைக் கட்டினால்தான் மனுவையே ஏற்பார்கள் என்ற பயம் வேண்டாம். முன்பு 75 சதவீதம் கட்ட வேண்டும் என்று இருந்த விதியை, மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘கணவருக்கு உடம்பு சரியில்லை, அவகாசம் தாருங்கள்’ என்ற வேண்டுகோள் மட்டும் தீர்ப்பாயத்தில் நிற்காது. எவ்வளவு, எந்தத் தேதியில், எங்கிருந்து வரும் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். தம்பி தரும் 3 லட்சத்தை அவர் கணக்கில் இருப்பதாகக் காட்டும் வங்கிப் பதிவு, 11 சென்ட் இடத்தின் கிரய ஒப்பந்தம், அதன் வில்லங்கச் சான்று, கணவரின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். தீர்ப்பாயம் தடை கொடுத்தால் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் கொடுக்கும்: இத்தனை நாளுக்குள் இவ்வளவு கட்ட வேண்டும், தவறினால் தடை தானாக விலகும் என்று உத்தரவில் இருக்கும். ஆகவே ஆசைப்பட்டுப் பெரிய தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்தில் 3 லட்சம், மீதி பத்திரப் பதிவு அன்று என்பதுதான் தங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு, அதையே சொல்லுங்கள்.

பிப்ரவரி நோட்டீஸை இனியாவது பீரோவிலிருந்து எடுங்கள். அது வந்த உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் மேல் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதிதான் சாட்சி. வீடு தங்கள் பெயரில் இருப்பதால் தங்களுக்கும் நோட்டீஸ் வந்ததா, கணவருக்கு மட்டுமா என்று பாருங்கள். சுவாதீன அறிவிப்பு ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், அவற்றில் ஒன்று தமிழில், வந்திருக்க வேண்டும். நோட்டீஸுக்கு அப்போதே ஆட்சேபம் எழுதியிருந்தால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாய்ப்பைத் தாங்கள் தவறவிட்டது எனக்கு வருத்தமே. நோட்டீஸிலோ சுவாதீன அறிவிப்பிலோ குறைகள் இருந்தால் மனுவுக்குப் பலம். ஆனால் குறையைச் சரிசெய்துவிட்டு வங்கி மீண்டும் வரும். கடன் அப்படியேதான் இருக்கும்.

மனு தள்ளுபடியானால் அடுத்தது சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கே கடன் தொகையில் 50 சதவீதம் கட்ட வேண்டும். குறைத்தாலும் 25 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. தங்கள் கணக்கில் அது மூன்றரை லட்சத்துக்கு மேல். அதனால்தான் முதல் மனுவையே தேர்ந்த வழக்கறிஞரைக் கொண்டு போடச் சொல்கிறேன். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஈரோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். ‘ஸ்டே வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்டு வருகிறவரிடம் தம்பியின் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒருவேளை தடை கிடைக்காமல் ஜூலை 28 வந்துவிட்டால், ஆணையரைத் தடுக்காதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டால் காவல்துறை உதவியுடன் பூட்டை உடைத்து உள்ளே வருவார்கள். கணவரின் மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் அட்டை ஆகியவற்றை முதல் நாளே வெளியே எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் பொருட்களுக்குப் பட்டியல் எழுதுவார்கள், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வீடு பூட்டப்பட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 13(8) பிரிவின்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பு பாக்கியை வட்டி, செலவு சேர்த்து முழுவதும் கட்டினால் வங்கி வீட்டை விற்க முடியாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமை ஏல நாள் வரை நீள்வதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கிவிட்டது. எனவே 11 சென்ட் இடத்தை வாங்குபவரிடம் பேசி, மூன்று மாதத்தை ஒன்றரை மாதமாகக் குறைக்க முடியுமா என்று இன்றே கேளுங்கள்.