அமெரிக்கத் தேர்தலில் 'சிறு நன்கொடையாளர்' என்றால் யார்? வேட்பாளர்கள் ஏன் அவர்களைத் தேடிப் போகிறார்கள்?

ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தல் காலம் முழுவதிலும் மொத்தமாக 200 டாலருக்கு மேல் போகாமல் கொடுப்பவரைத்தான் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். 200-ஐத் தாண்டினால் கொடுத்தவரின் பெயரையும் தொகையையும் பிரச்சாரக் குழு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் தனியாகக் காட்ட வேண்டும். அந்தக் கோடுதான் அளவுகோலாகிவிட்டது.

சரி, பத்து இருபது டாலருக்கு ஏன் இவ்வளவு பாடு? காரணம் உச்சவரம்பு. 2024 தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு முதற்கட்டத் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) 3,300 டாலர், பொதுத் தேர்தலில் 3,300 டாலர் வரைதான் தர முடிந்தது. அதைக் கொடுத்து முடித்த பணக்காரரிடம் வேட்பாளர் மறுபடி நேரடியாகக் கேட்க முடியாது. 25 டாலர் கொடுத்தவரிடம் அடுத்த மாதமும் கேட்கலாம். நன்கொடைப் பக்கத்தில் தொகைக்குக் கீழே 'மாதந்தோறும்' என்றொரு கட்டம் இருப்பது அதற்காகத்தான்.

டீக்கடையை நினைத்துப் பாருங்கள். ஒரு கல்யாண ஆர்டர் பெரிய தொகைதான், ஆனால் ஒரு நாளோடு சரி. கடையை வருஷம் முழுக்க ஓட்டுவது தினமும் வந்து ஒரு டீ குடிப்பவர். அவரே நாலு பேரைக் கூட்டியும் வருவார். என் பார்வையில் பணத்தைவிடப் பெரிய லாபம் இதுதான்: பத்து டாலர் போட்டவர் ஓட்டுப் போடவும் போவார், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவார்.

அப்புறம், 2016-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ், தனக்கு வந்த நன்கொடைகளைப் பற்றி மேடைக்கு மேடை சொன்ன 'சராசரி 27 டாலர்' என்பது ஆளுக்கு 27 இல்லை, ஒரு தடவைக்கு 27. எட்டுத் தடவை கொடுத்தவர் 216 டாலர் கொடுத்து, சிறு நன்கொடையாளர் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறார்.