மாமியின் மேல் பழி வேண்டாம்

அன்புள்ள அக்கா,

நான் மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். என் கணவரின் அண்ணருக்கு 41 வயது. மூன்று வருசமாகக் கையும் தோளும் தன்பாட்டில் வெட்டி இழுக்கின்றன. தேத்தண்ணி கொடுத்தால் பாதி உடுப்பில்தான். நடையைப் பார்த்துக் குடிகாரன் என்றார்கள். அவர் குடிப்பதே இல்லை. இப்போது இரத்தம் சோதித்து ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நரம்பு வருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா 1996 இடப்பெயர்வில் செல் விழுந்து செத்தவர், அப்போது 36 வயது. கடைசிவரை திடமாக இருந்தாராம். அதனால் மாமியின் பக்கத்தால்தான் வந்தது, சொந்த மச்சானைக் கட்டியதால் வந்தது என்று சொந்தக்காரர் மாமியைக் குத்துகிறார்கள். எங்களுக்கு ஒரு மகனும் மகளும். இது தாய்வழியா, தகப்பன் வழியா? பெண்பிள்ளைக்கு வராது என்பது உண்மையா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் மாமியின் விசயம். ஒரு மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக நமக்கு வரும். இந்த வருத்தம் வர அதில் ஒரு பிரதி பழுதாக இருந்தாலே போதும். அது தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம். சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஃபிரீட்ரிக் அட்டாக்சியா போன்ற வேறு நரம்பு வருத்தங்களில்தான் இரண்டு பக்கமும் பழுது சேர வேண்டும், அங்கேதான் சொந்தக் கலியாணம் ஆபத்தைக் கூட்டும். உங்கள் மாமிக்கு இத்தனை வயதாகியும் இழுப்போ மறதியோ இல்லையென்றால், மாமாதான் கடத்தியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வருத்தம் பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடையில் தலைகாட்டும். 36 வயதில் செத்த மனிதருக்கு அது வெளியே வர நேரம் கிடைக்காமலே போயிருக்கலாம்.

வன்னியில் இதை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. 'ஒரு தலைமுறையைத் தாண்டி வந்துவிட்டது' என்பார்கள். ஹண்டிங்டன் பொதுவாக அப்படித் தாண்டாது. அந்தத் தலைமுறை வருத்தம் காட்டும் வயதை அடையுமுன் சாகடிக்கப்பட்டது, அவ்வளவுதான். பாவம், உயிரோடு மிஞ்சிய பெண்ணின் தலையில் பழி விழுகிறது.

இனி உங்கள் கேள்வி. 4ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். 26 தடவை வரை சாதாரணம். 40ஓ அதற்கு மேலோ போனால், ஆயுள் இருந்தால் வருத்தம் வரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 1993இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வழிகாட்டியது வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் இரத்தம். மீன்பிடித்து வாழும் ஏழைச் சனம் அது. அவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

பிள்ளைக்குக் கடத்தும் வாய்ப்பு 50 வீதம். மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. ஆனால் யார் கடத்துகிறார் என்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. தாயின் முட்டையில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஏறக்குறைய அப்படியே வரும். தகப்பனின் விந்தணுவோ வாழ்நாள் முழுக்கப் புதிது புதிதாக உருவாவது. அங்கே எண்ணிக்கை சட்டென்று கூடிவிடலாம். கூடினால் வருத்தம் முன்கூட்டியே வரும். 20 வயதுக்கு முன்பே வருபவர்களில் பெரும்பாலானோர் தகப்பனிடமிருந்து பெற்றவர்கள்தான்.

இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். உங்கள் கணவருக்கு அது இருக்கிறதா என்பதே தெரியாது. மாமாவுக்கு இருந்திருந்தால் கணவருக்கு 50 வீதம், பிள்ளைகளுக்கு இன்றைய கணக்கில் 25 வீதம். கணவருக்கு இல்லையென்றால் உங்கள் வீட்டில் அது அத்தோடு முடிந்தது. சோதிப்பதா இல்லையா என்பது அவருடைய முடிவு. அறிகுறி இல்லாத பிள்ளைகளைச் சோதிப்பதில்லை, அவர்கள் 18 வயதுக்குப் பிறகு தாங்களே முடிவெடுக்கட்டும்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று. ஒரு கொப்பி எடுத்து மாமாவின் சகோதரங்கள், அப்பப்பா, அப்பாச்சி, அவர்களின் சகோதரங்கள் எல்லோரையும் எழுதுங்கள். யார் தள்ளாடி நடந்தார், யாருக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது, யாரைப் பைத்தியம் என்றார்கள், எத்தனை வயதில் என்று கேளுங்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் சொந்தங்களையும் கேளுங்கள், அங்கே யாராவது ஏற்கெனவே சோதித்திருக்கலாம். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியைக் கொண்டு போங்கள்.

அப்புறம், அண்ணருக்குச் சாப்பாடு நேராக இருத்தி, அவசரமில்லாமல் கொடுங்கள். விழுங்கும்போது புரையேறுவது கவனிக்க வேண்டிய விசயம். இந்த வருத்தத்தில் உடம்பு மெலியும், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பாடு தேவைப்படும்.

அன்புடன்,
அக்கா