நகரப் பேருந்துச் சேவை நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

சென்னை மாதிரி ஊரில் மாநகரப் பேருந்து நன்றாக ஓடுகிறதா என்று எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். லாப நஷ்டத்தை வைத்து மட்டும் வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அந்தப் பணத்தை அரசு ஈடுகட்டுகிறது. அதற்குப் பிறகு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற பழைய கணக்கு சேவையைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்வதில்லை.

போக்குவரத்துத் துறை வழக்கமாகப் பார்க்கும் மற்ற எண்களும் வண்டியைப் பற்றியவைதான். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது, 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன். பணிமனைக்கு இவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தத்தில் நிற்கிற ஆள் இதில் எங்கேயும் வரமாட்டார்.

லோடு ஃபேக்டர், அதாவது இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியது என்ற கணக்கு, இன்னும் மோசம். காலையில் சிறுசேரிப் பக்கம் போகிற வண்டி, இருக்கைக் கணக்கில் 140 சதவீதம் பிதுங்கிக்கொண்டு போய், 40 சதவீதத்தோடு காலியாகத் திரும்புகிறது என்று வையுங்கள். சராசரி 90. காகிதத்தில் அருமையான வழித்தடம்! ஃபுட்போர்டில் தொங்கியவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

நான் முதலில் பார்ப்பது காத்திருக்கும் நேரம். மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோலே சராசரி 4 நிமிடத்துக்குள் இருந்தால் முதல் தரம், 10 நிமிடத்தைத் தாண்டினால் கடைசித் தரம் என்கிறது. அதில் அட்டவணை ஏமாற்றும். மணிக்கு 6 பேருந்து என்றால் 10 நிமிடத்துக்கு ஒன்று, சராசரியாக 5 நிமிடம் நிற்க வேண்டும். அதே 6 வண்டி மூன்று மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் சராசரி 15 நிமிடம். வண்டியும் அதே, டீசலும் அதே, ஓடிய கிலோமீட்டரும் அதே. துறையின் எண்களில் ஒரு கீறல்கூட விழாது.

இது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. முன்னால் போகிற வண்டி சிக்னலில் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், ஏறி இறங்க நேரமாகும், மேலும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். தனிப் பேருந்துத் தடம் இல்லாத சாலையில், இடையில் ஒரு வண்டியைச் சற்று நிறுத்திவைத்து அனுப்ப ஆள் இருந்தால்தான் இது சரியாகும்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: ஒரே நிறுத்தத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே சேவை கிடைப்பதில்லை. ஆயிரம் ரூபாய் பாஸ் வைத்திருப்பவர் ஏசி தவிர எது வந்தாலும் ஏறுவார். வீட்டு வேலைக்குப் போகிற அம்மா டிக்கெட் எடுக்க வேண்டிய டீலக்ஸை விட்டுவிட்டு, இலவசமாக ஏறக்கூடிய சாதாரணக் கட்டண ‘பிங்க் பஸ்’ஸுக்காக நிற்பார். அவருடைய இடைவெளியைச் சாதாரணக் கட்டண வண்டிகளை மட்டும் எண்ணித்தான் கணக்கிட வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தாழ்தளப் பேருந்து மட்டும்தான் பேருந்து. 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள வண்டிகள் சில வழித்தடங்களில் வரத் தொடங்கின, அதுவும் உயர் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு.

எண்ணிக்கையும் முக்கியம்தான். அந்த அமைச்சக அளவுகோலின் முதல் தரத்துக்கு லட்சம் பேருக்கு 60 பேருந்து வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சென்னையும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து சுமார் 86 லட்சம் பேர். அந்தப் பழைய மக்கள்தொகைக்கே 5,000-க்கு மேல் தேவை. இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் வண்டி வாங்குவது செய்தியாகிவிடும், இருக்கிற வண்டியை இடைவெளி விட்டு அனுப்புவது செய்தியாகாது.

தரவு இல்லை என்று சொல்ல முடியாது. 2022-லேயே பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் ‘சென்னை பஸ்’ செயலி வந்துவிட்டது. அந்த ஜிபிஎஸ் பதிவிலிருந்தே வழித்தட வாரியாக இடைவெளியை எடுக்கலாம். நீங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதானால் ஒட்டுமொத்த சதவீதம் கேட்காதீர்கள். இன்ன வழித்தடத்தில் மாலை 5 முதல் 9 வரை திட்டமிட்ட நடைகள் எத்தனை, ஓடியவை எத்தனை, அதில் சாதாரணக் கட்டணம் எத்தனை என்று கேளுங்கள். முழு நாள் கணக்கு கேட்டால், மதியம் காலியாக ஓடிய நடைகள் மாலையில் கட் ஆன ட்ரிப்புகளை மறைத்துவிடும்.